புத்தகம் பெரிதா? படம் பெரிதா?

நல்ல கதைப் புத்தகம் ஒன்று சினிமாவாக வந்தால், கொட்டகையில் இருந்து இரண்டு வகை மனிதர்கள் வெளியே வருவார்கள்.

ஒரு வகை, புத்தகத்தைப் படிக்காதவர்கள். "ஆகா, என்ன படம்!" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

இன்னொரு வகை, புத்தகத்தைப் படித்தவர்கள். "அந்த இடம் எங்கே? இந்த ஆள் எங்கே? கதையைக் கெடுத்து விட்டார்களே!" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

இப்படி 20 ஆண்டுகளுக்கு மேலாக ரசிகர்கள் ஓயாமல் வாதாடும் கதை ஒன்று உண்டு. அதன் பெயர் "லார்டு ஆப் தி ரிங்ஸ்". "மோதிரங்களின் தலைவன்" என்று பொருள்.

முணுமுணுக்கிற ரசிகனைக் கண்டால் மற்றவர்களுக்குக் கேலி. "சினிமா என்றால் அப்படித்தான் இருக்கும். பேசாமல் வா" என்று வாயை அடைத்து விடுவார்கள்.

அது சரிதானா? அவன் பேச்சில் நியாயமே இல்லையா?

கதை என்ன?

மனிதர்கள், குள்ளர்கள், மந்திரவாதிகள், அரக்கர்கள் எல்லோரும் வாழ்ந்த ஒரு பழங்காலம். அங்கே "ஹாபிட்" என்று ஒரு சின்ன இனம். உயரம் 3 அடி, 4 அடிதான். தோட்டம் போடுவது, வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடுவது, அரட்டை அடிப்பது, இவைதான் அவர்களுக்குத் தெரியும்.

அவர்களில் ஒருவன் பிரோடோ. அவன் கைக்கு ஒரு மந்திர மோதிரம் வந்து சேருகிறது. அது பொல்லாத மோதிரம். அதை வைத்திருப்பவன் உலகத்தையே அடக்கி ஆளலாம். ஆனால், அது அவனுடைய மனதைக் கெடுத்து விடும்.

எரிமலை ஒன்றின் நெருப்பில் போட்டால்தான் அது அழியும். அந்த எரிமலையோ எதிரியின் நாட்டுக்குள் இருக்கிறது.

பிரோடோ புறப்படுகிறான். கூடவே அவன் தோட்டக்காரன் சாம் போகிறான். மாவீரர்களால் முடியாத வேலையை, தோட்டக்காரனும் அவன் எஜமானும் செய்யப் போகிறார்கள். இதுதான் கதை.

சண்டைக்குப் போன புலவர்

கதையை எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 1892ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் பிறந்தார். இங்கிலாந்தில் வளர்ந்தார். 4 வயதில் தந்தையை இழந்தார். 12 வயதில் தாயையும் இழந்தார்.

முதல் உலகப்போரில் அவர் பிரான்சு நாட்டுக்குப் போனார். 1916ம் ஆண்டு நடந்த சோம் சண்டையில் இருந்தார். அந்தச் சண்டையின் முதல் நாளில் மட்டும் 19 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் டோல்கீனோடு சேர்ந்து உயிர்த் தோழர்கள் நாலு பேர். அவர்களில் இரண்டு பேர் அந்த ஒரே ஆண்டில் செத்துப் போனார்கள். டோல்கீன் காய்ச்சலில் படுத்து, ஊர் திரும்பினார்.

பிறகு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பழைய ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்.

ஒருநாள் மாணவர்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு தாளில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. அதில், பொந்துக்குள் வாழும் ஹாபிட் ஒருவனைப் பற்றி ஒரு வரி கிறுக்கினார். ஹாபிட் என்றால் யார் என்று அவருக்கே அப்போது தெரியாது!

அந்த ஒரு வரி வளர்ந்து, 1937ம் ஆண்டு "ஹாபிட்" என்ற குழந்தைப் புத்தகமாக வெளிவந்தது.

ஒரு ஷில்லிங் பெற்ற பையன்

"ஹாபிட்" அச்சானதற்குக் காரணம் 10 வயதுப் பையன் ஒருவன்.

புத்தகக் கம்பெனி முதலாளி ஸ்டான்லி அன்வின், கையெழுத்துப் பிரதியைத் தன் மகன் ரெய்னரிடம் கொடுத்தார். "படித்து, கருத்துச் சொல். ஒரு ஷில்லிங் தருகிறேன்" என்றார். பையன் படித்தான். நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். புத்தகம் வந்தது. விற்றுத் தீர்ந்தது.

"இன்னொன்று எழுதுங்கள்" என்று கேட்டார்கள். அந்த இன்னொன்றை எழுதி முடிக்க டோல்கீனுக்கு 12 ஆண்டுகள் பிடித்தன. அதுதான் "லார்டு ஆப் தி ரிங்ஸ்". ஆயிரம் பக்கத்துக்கு மேல்!

அதற்குள் அந்தப் பையன் வளர்ந்து, தந்தையின் கம்பெனியில் வேலைக்கு வந்து விட்டான். இந்தப் புத்தகத்தைப் போட்டால் 1,000 பவுன் நஷ்டம் வரலாம் என்று அவன் கணக்குப் போட்டான். வெளிநாட்டில் இருந்த தந்தையிடம் கேட்டான். "இது மேதையின் படைப்பு என்று நீ நம்பினால், நஷ்டம் வந்தாலும் வரட்டும்" என்ற பொருளில் தந்தையிடம் இருந்து பதில் வந்தது.

1954, 1955ம் ஆண்டுகளில் புத்தகம் மூன்று பாகங்களாக வெளிவந்தது. நஷ்டம் வரவில்லை. பல கோடிப் பிரதிகள் விற்றன.

இந்தக் கதையை முதன்முதலில் தூக்கி நிறுத்தியவன் யார்? ஒரு ரசிகன்தான்!

20 சென்ட் கூடக் கொடுத்தார்கள்

1965ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது.

ஆசிரியரின் அனுமதி இல்லாமலே ஒரு கம்பெனி இந்தப் புத்தகத்தை மலிவுப் பதிப்பாகப் போட்டது. ஒரு பாகம் விலை 75 சென்ட். டோல்கீனுக்கு ஒரு காசும் கிடையாது.

பிறகு, அவர் அனுமதியோடு வேறு ஒரு கம்பெனி பதிப்பித்தது. அதன் விலை 95 சென்ட்.

விலை குறைந்ததைத்தானே மக்கள் வாங்குவார்கள்? அங்கே அப்படி நடக்கவில்லை. "எழுதியவருக்குக் கூலி கொடுக்கும் புத்தகத்தையே வாங்குவோம்" என்று ரசிகர்கள் கூறினார்கள். 20 சென்ட் கூடக் கொடுத்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டே முதல் கம்பெனி பணிந்தது. ஆசிரியருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்கச் சம்மதித்தது.

அன்று முதல், இந்தக் கதைக்கு ரசிகர்கள் காவல்காரர்கள் ஆனார்கள். இன்று அவர்கள் சினிமாவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள் என்றால், அந்த உரிமை இலவசமாக வந்தது அல்ல.

பணமா? கதையா?

சினிமாக்காரர்கள் 1957ம் ஆண்டிலேயே டோல்கீனிடம் வந்து விட்டார்கள்.

அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஏராளமாகப் பணம் கொடுத்தால், இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளலாம். பணம் குறைவு என்றால், வேண்டாததைத் தடுக்கும் அதிகாரம் தனக்கு வேண்டும். இரண்டும் இல்லை என்றால், படமே வேண்டாம்.

அவர்கள் ஒரு கதைச் சுருக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள். டோல்கீன் படித்தார். கோபம் வந்தது. சண்டையைப் பெருக்கி, மாயாஜாலத்தைக் கூட்டி, கதையின் உயிரை விட்டு விட்டார்கள் என்று வரி வரியாகக் குறை எழுதி அனுப்பினார். அந்த முயற்சி அதோடு நின்றது.

1969ம் ஆண்டு பட உரிமையை அவர் விற்று விட்டார். 1973ம் ஆண்டு காலமானார். 1978ம் ஆண்டு கதையின் பாதி மட்டும் பொம்மைப் படமாக வந்தது. மீதிப் பாதியை அந்த டைரக்டர் எடுக்கவே இல்லை. "இதைப் படமாக எடுக்க முடியாது" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது.

நியூசிலாந்துக்காரர் எடுத்த படம்

எடுத்துக் காட்டியவர் பீட்டர் ஜாக்சன். நியூசிலாந்து நாட்டு டைரக்டர்.

முதலில் அவர் போன கம்பெனி, "முழுக் கதையையும் ஒரே படத்தில் முடித்து விடு" என்றது. ஜாக்சன் மறுத்தார். இரண்டு படமாக எடுக்கும் திட்டத்தோடு இன்னொரு கம்பெனிக்குப் போனார். அந்த முதலாளி கேட்டார்: "புத்தகம் மூன்று பாகம் ஆயிற்றே! ஏன் இரண்டு படம்?"

1999ம் ஆண்டு அக்டோபர் மாதம் படப்பிடிப்பு தொடங்கியது. 274 நாட்கள் நடந்தது. மூன்று படத்தையும் ஒரே மூச்சில் எடுத்தார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது.

ஹாபிட்டுகளின் ஊரை ஓர் ஆட்டுப் பண்ணையில் அமைத்தார்கள். நியூசிலாந்து ராணுவத்தினர் வந்து கட்ட உதவினார்கள். செடி கொடிகள் இயற்கையாக வளர்ந்து நிற்கவேண்டும் என்பதற்காக, ஓர் ஆண்டுக்கு முன்பே தோட்டம் போட்டார்கள்.

போர் வீரர்களின் சங்கிலிக் கவசத்துக்காக சுமார் 1 கோடியே 25 லட்சம் வளையங்களைக் கையாலேயே கோத்தார்கள். பிளாஸ்டிக் வளையங்கள்தான். ஆனால், ஒவ்வொன்றும் கையால் கோத்தது.

சாதாரண உயரம் உள்ள நடிகர் எப்படி ஹாபிட் ஆனார்? மந்திரவாதி முன்னால் இருப்பார். பிரோடோ சில அடி பின்னால் இருப்பான். காமிராவுக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலவே தெரியும். பின்னால் இருப்பவன் சின்னவனாகத் தெரிவான். பழைய தந்திரம்தான்!

அரக்கர் படையின் கூச்சலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 2002ம் ஆண்டு வெலிங்டன் நகரத்தில் நியூசிலாந்து - இங்கிலாந்து கிரிக்கெட் போட்டி நடந்தது. ஆட்டத்தின் இடைவேளையில் ஜாக்சன் மைதானத்தில் இறங்கினார். சுமார் 25 ஆயிரம் பேரையும் ஒன்றாகக் கத்தச் சொன்னார். நெஞ்சில் அடித்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சத்தம்தான் படத்தில் கேட்கும் போர்க் கூச்சல்!

2001, 2002, 2003ம் ஆண்டுகளில் படங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து 17 ஆஸ்கார் பரிசுகள் பெற்றன. கடைசிப் படம் மட்டும் 11 பரிசுகள்! வசூல் சுமார் 290 கோடி டாலர்.

மேடைக்கும் இந்தக் கதை போயிற்று. 2006ம் ஆண்டு கனடாவில் டொரண்டோ நகரத்திலும், 2007ம் ஆண்டு லண்டனிலும் இசை நாடகமாக நடந்தது. அதற்கு இசை அமைத்தவர்களில் ஒருவர் நம் ஏ.ஆர். ரகுமான்.

இவ்வளவு சிறப்பாக எடுத்த படத்தில் ரசிகனுக்கு என்ன குறை?

விட்டுப்போன ஊர்

குறைகளில் சில சின்னக் குறைகள்.

காட்டில் பாட்டுப் பாடித் திரியும் டாம் பாம்படில் படத்தில் வரவில்லை. இளவரசி ஆர்வென், புத்தகத்தில் செய்யாத வீரச்செயலைப் படத்தில் செய்கிறாள். இதெல்லாம் போகட்டும். ஆயிரம் பக்கத்தை 9 மணி நேரத்தில் அடக்கவேண்டும் என்றால், சிலவற்றை விடத்தான் வேண்டும்.

ஆனால், பெரிய குறை ஒன்று உண்டு. அது கதையின் முடிவில் இருக்கிறது.

படத்தில் மோதிரம் அழிகிறது. நண்பர்கள் ஊர் திரும்புகிறார்கள். ஊர் போனபடியே இருக்கிறது. அதே பச்சை வயல். அதே சாராயக் கடை. இவர்கள் உலகத்தைக் காப்பாற்றியது அங்கே யாருக்கும் தெரியாது.

புத்தகத்தில் அப்படி இல்லை. அவர்கள் திரும்பும்போது ஊர் பாழாகிக் கிடக்கிறது. மரங்களை வெட்டிச் சாய்த்து விட்டார்கள். ஆற்றில் சாக்கடை. புகை கக்கும் ஆலை. ஊர்க்காரர்களிலேயே சிலர் பகைவனுக்கு அடியாட்களாக இருக்கிறார்கள். போருக்குப் போனவர்கள், தங்கள் சொந்தத் தெருவில் இன்னொரு போர் நடத்தவேண்டி இருக்கிறது.

இதை எழுதிய டோல்கீனுக்கு ஓர் அனுபவம் உண்டு. சிறு வயதில் அவர் வாழ்ந்த கிராமம் சேர்ஹோல். ஆறும் ஆலைச் சக்கரமும் மரங்களும் நிறைந்த ஊர். பக்கத்தில் இருந்த பர்மிங்காம் நகரம் வளர்ந்து, அந்தக் கிராமத்தை விழுங்கியது. மரங்கள் போயின. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

"தூரத்தில் நடக்கும் தீமை நம் வாசலுக்கு வராது என்று நினைக்காதே. வந்தால், வேறு யாரோ வந்து விரட்டுவார்கள் என்று காத்திராதே." இதுதான் அந்தப் பகுதி சொல்லும் பாடம். மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு போனது எதற்காக? சொந்த ஊரைத் தாங்களே காப்பாற்றும் மனிதர்களாக வளர்வதற்காக!

இந்தப் பாடம் படத்தில் இல்லை. ரசிகன் வருத்தப்படுவது நியாயம்தானே?

நல்லவன் கெட்டவன் ஆனான்

இன்னொரு குறை, பராமிர் என்ற இளவரசனைப் பற்றியது.

புத்தகத்தில் மோதிரம் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அவன் தொடவில்லை. "எனக்கு வேண்டாம்" என்று பிரோடோவை அனுப்பி விடுகிறான்.

படத்தில் அவனும் ஆசைப்படுகிறான். பிரோடோவைக் கைதியாக இழுத்துக்கொண்டு போகிறான். பிறகுதான் மனம் மாறுகிறான்.

"எல்லோரையும் மயக்கும் மோதிரம், இவனை மட்டும் மயக்கவில்லை என்றால் அதன் பயங்கரம் குறைந்துபோகும்" என்பது படக்காரர்கள் சொன்ன காரணம். காரணம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால், ஆசைக்கு மயங்காத மனிதனும் உலகத்தில் உண்டு என்று பிள்ளைகளுக்குக் காட்டவேண்டாமா? அப்படி ஒருவனைக் கதையில் பார்த்த ரசிகன், அவனை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பானா?

படத்துக்குள்ளேயே ஒரு ரசிகர்

அந்தப் படத்தில் நடித்தவர்களிலேயே ஒரு பெரிய ரசிகர் இருந்தார். அவர் கிறிஸ்டோபர் லீ. டிராகுலா வேடத்தில் பேர் பெற்றவர்.

அவர் ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் புத்தகத்தைப் படிப்பார். படத்தில் நடித்தவர்களில், டோல்கீனை நேரில் பார்த்தவர் அவர் ஒருவரே. கெட்ட மந்திரவாதி சாருமான் வேடம் அவருக்குக் கிடைத்தது.

புத்தகத்தில் சாருமான் சாவது, பாழான அந்த ஹாபிட் ஊரில்தான். ஊர்க் காட்சியை விட்டு விட்டதால், அவன் சாவை வேறு இடத்தில் வைத்துப் படம் பிடித்தார்கள். 2003ம் ஆண்டு கடைசிப் படம் வந்தபோது, நீளம் கருதி அதையும் வெட்டி விட்டார்கள். இரண்டு படங்களில் பயமுறுத்திய வில்லன் என்ன ஆனான் என்பதே தெரியவில்லை!

லீ மனம் நொந்தார். முதல் காட்சி விழாவுக்கு அவர் போகவில்லை. ரசிகர்களும் குரல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான நீண்ட பதிப்பில் அந்தக் காட்சி சேர்ந்தது.

முணுமுணுப்புக்கும் பலன் உண்டு!

சின்னப் புத்தகம், மூன்று படம்

பெரிய புத்தகத்தைச் சுருக்கியது ஒரு கதை. சின்னப் புத்தகத்தை இழுத்தது இன்னொரு கதை.

"ஹாபிட்" சுமார் 300 பக்கப் புத்தகம். அதை இரண்டு படமாக எடுக்கப் போனார்கள். பிறகு மூன்று ஆக்கினார்கள். 2012, 2013, 2014ம் ஆண்டுகளில் வந்தன.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆயிரம் பக்கப் புத்தகத்துக்கு 9 மணி நேரம். 300 பக்கப் புத்தகத்துக்கு ஏறக்குறைய 8 மணி நேரம்!

புத்தகத்தில் இல்லாத ஆட்கள் வந்தார்கள். இல்லாத காதல் வந்தது. சில பக்கங்களில் முடியும் சண்டை ஒரு படம் முழுவதும் நீண்டது. வசூல் முதல் மூன்று படங்களின் அளவுக்கே வந்தது. ஆனால், ஆஸ்கார் போட்டியில் ஒரு படத்துக்குக்கூட பரிசு கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "ஹாபிட்" கதையே பேராசையைப் பற்றியதுதான். தங்கக் குவியலைக் கண்டதும் குள்ளர்களின் அரசன் புத்தி கெடுகிறான். நண்பர்களையே பகைக்கிறான். சாகும் தறுவாயில்தான் மனம் திருந்துகிறான். பேராசை கூடாது என்று சொல்லும் கதையை, பணத்துக்காக மூன்றாக நீட்டினால் ரசிகன் சிரிக்க மாட்டானா?

அதற்கு முன்பே, லாபத்தில் சேரவேண்டிய பங்கு வரவில்லை என்று டோல்கீன் குடும்பத்தார் 2008ம் ஆண்டு படக் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சமரசம் ஆயிற்று. மோதிரம் போகும் இடம் எல்லாம் சண்டைதான்!

மகனின் வருத்தம்

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், இந்தக் கதையின் முதல் ரசிகர்களில் ஒருவர். இரண்டாம் உலகப்போரின்போது அவர் விமானப் படையில் இருந்தார். தந்தை எழுத எழுத, அத்தியாயங்கள் அவருக்குத் தபாலில் போகும். புத்தகத்தில் உள்ள தேசப் படத்தை வரைந்தவரும் அவரே. தந்தை விட்டுப்போன காகிதங்களை எல்லாம் தொகுத்துப் பல புத்தகங்கள் வெளியிட்டார்.

அவருக்குச் சினிமா பிடிக்கவில்லை. இளைஞர்களுக்கான சண்டைப் படமாக ஆக்கி விட்டார்கள் என்று 2012ம் ஆண்டு பத்திரிகைப் பேட்டி ஒன்றில் வருத்தப்பட்டார். 2020ம் ஆண்டு காலமானார்.

ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு. படம் பார்த்த பிறகு புத்தகத்தைத் தேடிப் போனவர்கள் லட்சக்கணக்கானவர்கள். படம் வந்த நேரத்தில் புத்தக விற்பனை ஏறியது. படம் வராவிட்டால், அந்தப் பிள்ளைகளில் பல பேருக்கு டோல்கீன் பெயரே தெரிந்திருக்காது.

யார் கட்சி சரி?

படம் எடுப்பவன் வெட்டலாம், ஒட்டலாம். பாத்திரங்களைக் குறைக்கலாம். அது அவன் தொழில். அதற்காக அவனைத் திட்டுவது சரி அல்ல.

ஆனால், கதை எதற்காக எழுதப்பட்டதோ, அதை வெட்டக்கூடாது. மரத்தில் கிளையைக் கழிக்கலாம். வேரைக் கழித்தால் மரம் நிற்காது.

ஜாக்சன் படங்களில் பிரோடோ - சாம் நட்பு குறையாமல் நிற்கிறது. டோல்கீன், போர்க்களத்தில் தான் பார்த்த சாதாரண சிப்பாய்களின் சாயலில்தான் சாமைப் படைத்தார். அந்தச் சாயல் திரையிலும் தெரிகிறது. இரக்கத்தின் பெருமையும் தெரிகிறது. கொல்ல வாய்ப்பு இருந்தும் கோல்லம் என்ற பிராணியைக் கொல்லாமல் விட்டார்கள். கடைசியில், பிரோடோவின் மன உறுதி தோற்ற இடத்தில், அந்தப் பிராணியாலேயே மோதிரம் அழிகிறது. இதனால்தான் முதல் மூன்று படங்களை, குறை சொல்லும் ரசிகனும் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்.

பாழான ஊரை விட்டது பிழை. ஹாபிட்டை இழுத்தது அதைவிடப் பெரிய பிழை. இதை எடுத்துச் சொல்ல ரசிகனுக்கு உரிமை உண்டு. ஏன் என்றால், விலைக்கு வாங்கியவன் கையில் பத்திரம் இருக்கலாம். மனப்பாடம் செய்தவன் மனதில்தான் கதை இருக்கிறது.

ஆனால், ரசிகனுக்கும் ஒரு கடமை உண்டு. "படம் மோசம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதாது. பக்கத்தில் இருப்பவனிடம், "புத்தகத்தில் இன்னும் ஒரு கதை இருக்கிறது, கேள்" என்று சொல்லவேண்டும்.

வீட்டில் செய்யலாம்

இது மோதிரக் கதைக்கு மட்டும் அல்ல. எந்தக் கதை படமாக வந்தாலும் பொருந்தும்.

பிள்ளைகளைப் படத்துக்கு அழைத்துப் போங்கள். தவறு இல்லை. ஆனால், அதோடு நிறுத்தி விடாதீர்கள். அந்தப் புத்தகத்தை நூலகத்தில் இருந்து எடுத்து வாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் 5 பக்கம் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். பெரியவர் படிக்கும்போது எழுத்து தடுமாறினால் வெட்கப்படத் தேவை இல்லை. பிள்ளை சொல்லிக் கொடுக்கட்டும்!

"படத்தில் எதை விட்டு விட்டார்கள்? ஏன் விட்டார்கள்? நீயாக இருந்தால் எதை விடுவாய்?" என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

சினிமா, அடுத்தவர் கண்ட கனவை நமக்குக் காட்டுகிறது. புத்தகமோ, நம்மையே கனவு காண வைக்கிறது. திரையில் பிரோடோவுக்கு ஒரே முகம்தான். புத்தகத்தில், படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரோடோ!

10 வயதுப் பையன் ஒருவன் ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஒரு கதையைப் படித்தான். அவன் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி இருக்காவிட்டால், புத்தகமும் இல்லை, படமும் இல்லை.

உங்கள் வீட்டுப் பையன் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். அவன் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள்.